ஜிப்சம் வாங்கும் முன் கிணற்று நீரைப் பாருங்கள்

கேள்வி: திருச்சி மாவட்டம் மணிகண்டம் பகுதியில் எனக்கு இரண்டு ஏக்கர் நிலம் உள்ளது. ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனம். சில ஆண்டுகளாக நெற்பயிர் மஞ்சளித்துத் திட்டுத்திட்டாகக் காய்கிறது. உப்பு மண் என்று சொல்லி ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: உப்பு மண் என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவற்றுள் உவரும் களரும் வேறு வேறு. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருப்பதால், வடிகால் அமைத்து நல்ல நீரைக் கட்டி வடித்தாலே பெரும்பாலும் சரியாகும்; அங்கு ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) போடுவது வீண் செலவு. களர் நிலத்தில் சோடியம் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிரித்துவிடுவதால், மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, நீரும் காற்றும் உள்ளே இறங்குவதில்லை. வயலில் நிற்கும் நீர் நாள்கணக்கில் தெளியாமல் கலங்கியே இருந்தாலும், காய்ந்தபின் மேல்மண் இறுகி வெடித்தாலும் களர் என்று ஐயப்படலாம். உறுதி செய்ய மண் பரிசோதனையே வழி: கார அமில நிலை (pH) 8.5-க்கு மேலும், களிமண் துகள்களில் ஒட்டியுள்ள மாற்றுச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேலும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்குக் கீழும் இருந்தால் அது களர்.

மண்ணோடு கிணற்று நீரையும் சோதனைக்குக் கொடுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (கால்சியம், மக்னீசியத்தைவிட மிகுதியாக உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்டுக்கு மேல் இருந்தால், நீங்கள் ஜிப்சம் போட்டு வெளியேற்றும் சோடியத்தை ஒவ்வொரு பாசனமும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அப்படியானால், சிறு தொட்டியில் ஜிப்சம் கட்டிகளை நிரப்பி, நீரை அதன் வழியே செலுத்திய பிறகே வயலுக்கு விட வேண்டும்.

களர் என்று உறுதியானால், ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் ஜிப்சம் தேவையில் பாதி அளவு போதும். வயலைச் சமன் செய்து, பாத்தி கட்டி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி உழுது, நல்ல நீரைத் தேக்கி வடித்துவிடுங்கள். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, விடுபட்ட சோடியம் சல்பேட்டாகக் கரைந்து வெளியேறும். வடிகால் இல்லாவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். வடியும் அந்த நீர் பக்கத்து வயலுக்கோ ஊர் ஏரிக்கோ போகக் கூடாது என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள். உங்கள் நிலத்தைத் திருத்துவதற்காக அடுத்தவர் நிலத்தைக் களராக்குவது முறையன்று.

அதன்பின் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். களரிலும் வளரக்கூடிய செடி அது. மட்கும்போது வெளிவரும் அமிலங்கள் மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் கரைத்துத் தரும். நடவுக்குத் திருச்சி 1, திருச்சி 3 போன்ற களர் தாங்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். காரத்தன்மையால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போவதும் நீங்கள் சொல்லும் மஞ்சளிப்புக்குக் காரணமாக இருக்கக்கூடும். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து, சமன் செய்த வயலில் நடவுக்கு முன் தூவுங்கள். மஞ்சளிப்பைப் பார்த்து யூரியாவைக் கூட்ட வேண்டாம். கார மண்ணின் மேல் தூவிய யூரியாவில் கணிசமான பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடும். அதனால் பயிருக்கும் பயனில்லை, காற்றும் மாசுபடுகிறது.