வீவக வீட்டில் 1:160 மாதிரி ரயிலுக்கு பாயின்ட்டும் கிராஸ்ஓவரும் நாமே செய்ய முடியுமா?

முடியும். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு பாயின்ட்; இரண்டு பாயின்ட்டுகளைக் கொண்டு இணைப் பாதைகளை இணைப்பது கிராஸ்ஓவர். கடையில் வாங்கிய இரண்டு பாயின்ட்டுகளைச் சேர்த்தால் இணைப் பாதைகள் தேவைக்கு மேல் விலகிப் போகின்றன என்று எழுதியிருந்தீர்கள். குறுகிய பலகைக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய நமக்கு, அந்த இடைவெளியை நாமே தீர்மானிக்க முடிவது ஒன்றே கையால் செய்வதற்குப் போதுமான காரணம்.

இந்த அளவில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலின் 1435 மி.மீ. பாதை ஏறத்தாழ 9 மி.மீ. ஆகிறது. (புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை எதிரெதிர் ரயில்கள் விலகிச் சென்ற மீட்டர் பாதையைச் செய்ய விரும்பினால் 6.25 மி.மீ. வேண்டும், அது தனி வேலை.)

தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் கிராஸிங்கின் மூக்கை, அதாவது அதன் V வடிவக் கூர்முனையை, முதலில் செய்யுங்கள். மற்ற அளவுகளை அதிலிருந்தே எடுக்க வேண்டும். 1:6 கோணம் என்றால் ஒரு மி.மீ. விலக 6 மி.மீ. நீளம் தேவை. இரண்டு தண்டவாளத் துண்டுகளை அரத்தால் ராவி, அந்தக் கோணத்தில் சேர்த்துப் பற்றவைத்த பிறகு, செப்புத்தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டுக் கீற்றுகளையே ஸ்லீப்பர் கட்டைகளாக்கி அவற்றின் மேல் பொருத்தலாம். ஒவ்வொரு கட்டையிலும் செப்பை நடுவில் கீறிப் பிரிக்காவிட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும்.

மூக்குக்கு எதிர்ப்புறத் தண்டவாளத்தின் ஓரமாக வரும் செக் ரயில் என்ற குட்டித் தண்டவாளத்தை அலங்காரமாக எண்ணிவிடாதீர்கள். அது ஒரு சக்கரத்தின் உட்புறத்தைப் பிடித்து இழுப்பதால்தான் அதே அச்சின் மறுசக்கரம் மூக்கில் மோதாமல் சரியான பள்ளத்தில் நுழைகிறது. ஆகவே முக்கியமான அளவு, மூக்குக்கும் செக் ரயிலுக்கும் உள்ள தூரம். அதைக் கண்ணளவில் வைக்காமல், அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏயின் அளவுத் தகட்டை வைத்துச் சரிபார்த்த பிறகே பற்றவையுங்கள்.

கிராஸ்ஓவரில் இரண்டு மூக்குகளுக்கு இடையே பாதை நெடுகிலும் உள்ள தூரத்தைத் தோராயமாகக் கணக்கிட, பாதை மையங்களின் இடைவெளியிலிருந்து பாதை அகலத்தை இரு முறை கழித்து, 1:6 கோணத்துக்கான 6-ஆல் பெருக்குங்கள். மையங்கள் 28 மி.மீ. விலகியிருந்தால் 60 மி.மீ. வரும், 25 மி.மீ. என்றால் 42 மி.மீ. போதும்.

மின்சாரத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒரு பாயின்ட்டின் மூக்கிலிருந்து புறப்படும் தண்டவாளம் மற்றதன் வெளித் தண்டவாளமாகப் போய் முடிகிறது. இரு பாயின்ட்டுகளும் நேர்ப்பாதைக்குத் திரும்பியிருக்கும்போது அந்த மூக்கும் வெளித் தண்டவாளமும் எதிரெதிர் மின்முனைகளைச் சேர்ந்தவை என்பதால், மூக்குகளுக்கு நடுவே இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட்டே ஆக வேண்டும். மூக்குக்கு மின்சாரம் தர, சிம் லிம் டவரில் விசாரித்தால் கிடைக்கக்கூடிய சாதாரண ஸ்லைடு சுவிட்ச் போதும். நகரும் தண்டவாளங்களை இணைக்கும் பட்டையை அதனுடனேயே பிணைத்துவிட்டால், பாதை மாறும் அதே அசைவில் மின்முனையும் மாறும்.

வேலை முடிந்த அன்றே பழைய பல்துலக்கியால், பற்றவைக்கப் பூசிய ஃபிளக்ஸ் பசையின் எச்சத்தைக் கழுவுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அமில எச்சம் செப்பை விரைவில் பச்சையாக்கி அரிக்கும். பிறகு பலகையில் ஒட்டுவதற்கு முன், ஒரு பெட்டியைக் கையால் தள்ளி எல்லாத் திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். எங்கே துள்ளுகிறதோ அந்த இடத்தில் அளவுத் தகட்டை மறுபடி வையுங்கள்.