தம்பி கத்தினால் கோவக்காரன், நான் கத்தினால் பஜாரியா?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு புது வண்ணாரப்பேட்டையில். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறார். நான் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தாலும் "ஆம்பள புள்ள, கோவக்காரன்" என்று அம்மா விட்டுவிடுவார். நான் குரலை உயர்த்தினால் "இன்னாடி பஜாரி மாதிரி கத்தற" என்பார். போன வாரம் ஒரு பில் தப்பு என்று ஆபீசில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கூட வேலை செய்கிறவர் "மீன்காரி மாதிரி கத்தாதம்மா" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. தம்பி கூட்டாளிகளோடு பேசினால் கெட்ட வார்த்தையில் யாரோ ஒருத்தனின் அம்மா நடுவில் வந்து விழுகிறாள். சின்ன விஷயத்தைப் பெரிசாக்குகிறேனா?
- பெயர் வேண்டாம்

பதில்: சின்ன விஷயமே இல்லை தங்கச்சி. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கு ஒரு கையேடு போட்டது, தீர்ப்பில் பெண்களைப் பற்றி எந்தச் சொல்லை எழுதக்கூடாது, பதிலுக்கு எதை எழுதலாம் என்று. 'கேரியர் வுமன்' வேண்டாம், 'பெண்' என்றால் போதும் என்கிறது அது. வேலைக்குப் போகிற ஆணுக்கு அப்படித் தனிப் பெயர் எதுவும் கிடையாதே. சட்டம் படித்தவர்களுக்கே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் தெருவில் பத்துப் பேரோடு சுற்றுகிறவன் மைனர், மன்மதன். ஒருத்தனோடு பஸ் ஸ்டாப்பில் நின்று பேசினவள் ஊர் மேய்கிறவள். கல்யாணம் முறிந்தால் அவள் வாழாவெட்டி, அவனுக்கு 'பாவம், சரியா அமையல'. ரெண்டு ஆண்கள் அடித்துக்கொண்டாலும் திட்டு விழுவது வீட்டில் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிற அம்மாவுக்கும் அக்காவுக்கும்தான். இதையெல்லாம் 'வட சென்னை பாஷை' என்று தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 'பொம்பள சிரிச்சா போச்சு' பழமொழி நம் ஏரியாவில் மட்டுமா புழங்குகிறது? டீசன்டான வீடுகளில் அதையே மெல்லிய குரலில் சொல்வார்கள், அவ்வளவுதான்.

முதலில் அம்மா. விடியற்காலை காசிமேட்டு ஏலத்துக்கு நீ போயிருப்பாய். ஒரு பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின், ஒரு பக்கம் போட் என்ஜின், நாலு பேர் ஒரே நேரத்தில் விலை கூவுகிறார்கள். அங்கே மெதுவாகப் பேசினால் வஞ்சிரம் வேண்டாம், ஒரு கூடை காரப்பொடி மீன்கூடக் கைக்கு வராது. கூவி ஏலம் விடுகிற ஆணை யாராவது 'பஜாரன்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையில் விசைப்படகு கடலுக்குப் போகாது, வரத்து குறைந்து விலை ஏறிவிடும், அப்போது உன் அம்மா இன்னும் உரக்கப் பேரம் பேசினால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும். அந்தக் குரலில்தான் நீ படித்தாய். அந்தக் குரலையே திட்டாக்கி அவர் காதில் எத்தனை பேர் போட்டார்களோ, அதைத்தான் உன்னிடம் திருப்பிச் சொல்கிறார்.

அதனால் சண்டை போடாதே. மத்தியானம் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காருவார் இல்லையா, அப்போது ஆபீசில் நடந்ததை ஒரு வார்த்தை மறைக்காமல் சொல்லு. அவமானப்படுவார் என்று பயப்படுகிறாய். எனக்குத் தெரிந்த மீன்கார அம்மாக்களுக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் முதலில் வரும். அப்புறம், "நீயும் என்ன அப்டித்தானேம்மா சொல்ற" என்று கேளு. தட்டு எறிந்த கதையையும் அப்போதே பேசிவிடு. எறிந்தவன்தான் பொறுக்கிக் கழுவ வேண்டும்.

தம்பியைக் கூட்டாளிகள் முன்னால் கேட்காதே, வீம்புக்கு ரெண்டு சேர்த்துப் பேசுவான். தனியாகக் கூப்பிட்டு, "உன் கூட்டாளி உன்னத் திட்டும்போது யார இழுக்கறான் தெரியுமா, நம்ம அம்மாவ" என்று சொல்லு. திட்டியே ஆக வேண்டும் என்றால் நம் ஊரில் கஸ்மாலம், பேமானி, சோமாறி என்று எவ்வளவோ இருக்கிறது, தப்பு செய்தவனை மட்டும் திட்டுகிற வார்த்தைகள். 'பொட்டை' மட்டும் வேண்டாம், அது பெண்களோடு திருநங்கைகளையும் சேர்த்து அடிக்கிறது.

ஆபீஸ்காரர் மறுபடி ஆரம்பித்தால் சிரித்து மழுப்பாதே. "எங்க அம்மா மீன்காரிதான் சார். பில்லுல தப்பு இருக்கு, அதப் பாருங்க" என்று அதே சத்தத்தில் சொல்லு. இந்த ஒரு பேச்சுக்குச் சட்டம் வராது. ஆனால் நாளைக்கு அவர் பேச்சு உன் உடம்பு, நடத்தை என்று போனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013 சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம், குறைவாக இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதி வை, போன வாரம் நடந்ததையும் சேர்த்து.