பிஎச்பியில் 'கேனாட் ரீடிக்ளேர்' பிழை ஏன் வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

ஒரே பெயரில் ஃபங்ஷன் இரண்டு முறை அறிவிக்கப்பட்டால் பிஎச்பி அங்கேயே நின்றுவிடும். பிழைச் செய்தியை அவசரமாக மூடிவிடாதீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. 'பிரீவியஸ்லி டிக்ளேர்டு இன்' என்பதற்குப் பின்னால் வருவது முதலில் அறிவித்த ஃபைல். கடைசியில் வருவது இப்போது மோதிய ஃபைல்.

இரண்டும் ஒரே ஃபைல் என்றால், பெரும்பாலும் அது இரண்டு முறை உள்ளே வந்திருக்கிறது. உதாரணமாக, இண்டெக்ஸ் ஃபைலும் ஹெட்டர் ஃபைலும் தனித்தனியே டேட்டாபேஸ் ஃபைலை அழைத்திருக்கும். ஃபைலை உள்ளே அழைக்கும் இன்க்ளூட், ரிக்வயர் என்று இருப்பதையெல்லாம், ஒரே ஒரு முறை மட்டும் ஏற்றும் ரிக்வயர்_ஒன்ஸ் ஆக்குங்கள். ஓர் இடம்கூட விடக்கூடாது: முதலில் ரிக்வயர்_ஒன்ஸ், அப்புறம் வேறெங்கோ வெறும் இன்க்ளூட் இருந்தால் ஃபைல் மறுபடி ஏறும், பிழையும் திரும்ப வரும்.

சரி, இரண்டும் வேறு வேறு ஃபைல் என்றால்? அப்போது ரிக்வயர்_ஒன்ஸ் உதவாது. பெரும்பாலும் பழைய நகல் ஒன்று வேறு ஃபோல்டரில் கிடக்கும். தேவையில்லாததை நீக்குங்கள், இரண்டும் தேவையென்றால் நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமல் தனித்தனியாகப் பிரிக்கும் வழி) கொடுங்கள். பாதையை எப்போதும் __டிர்__ (அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரைக் குறிப்பது) வைத்து எழுதினால் தவறான நகல் உள்ளே நுழையாது.

ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன்_எக்சிஸ்ட்ஸ் போட்டு மூடி மறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த நகல் ஓடுகிறது என்பதே தெரியாமல் போகும்.