பதில்: குடிகாரன் காட்சியை எடுக்கவா, வைக்கவா?

பிள்ளைகளுக்கு நீங்கள் போடும் பொம்மலாட்டத்தில் வருகிற குடிகாரன் காட்சிக்குப் பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள், எடுத்துவிட்டால் பெரியவர்கள் போனை நோண்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காட்சி இருக்கட்டும். குடியைப் பற்றிய வசனத்தையும் மனைவியை அடிப்பதையும் மட்டும் வெட்டுங்கள். தள்ளாட்டம்தான் பிள்ளைகளுக்கு வேண்டியது; அதற்கு அவன் தூக்கக் கலக்கத்தில் தள்ளாடினாலே போதும்.

தோல் பொம்மைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டும் தோல்பாவைக்கூத்தில், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகள் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து அடித்துப் புரளுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த அடி, பெரியவர்களுக்கு ஊர் நக்கல். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், அதுதான் சூட்சுமம். நீங்கள் பொம்மையை நிறுத்திவைத்துப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கை அசையாமல் இரண்டு வசனத்துக்கு மேல் போனால் ஆறு வயசுக்காரன் எழுந்துவிடுவான்.

அடிக்கிற சத்தத்துக்கு, ஓரடி நீள மூங்கில் பட்டை இரண்டை எடுத்து, பிடியில் மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். கட்டுக்குள் தீப்பெட்டி அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் நுனி விலகி நிற்கும். மெல்லத் தட்டினாலே ‘படார்’ என்று கேட்கும். விழுந்த பொம்மை இரண்டு எண்ணுவதற்குள் எழுந்து பழிப்புக் காட்ட வேண்டும். தாமதித்தால் முன்வரிசைச் சின்னதுகள் அழும்.

அடி வாங்குவது அதிகாரம் பண்ணுகிறவனாக இருக்கட்டும். நிறம், குண்டு, திக்குவாய் பற்றிய கேலி வேண்டவே வேண்டாம். மறுநாள் வகுப்பில் யாரோ ஒரு பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயர்.

பெரும்பாலும் வம்பு வருவது எழுதிய வசனத்தில் இல்லை. பின்வரிசை சிரித்ததும் அதே நக்கலை இன்னும் ஒரு படி ஏற்றுவதில்தான். சிரிப்பு வந்ததும் அடுத்த அடிக்குத் தாவிவிடுங்கள்.