தங்கம் எடுக்கும் ஜெற் கிணற்று மணலை ஏன் தூக்கவில்லை?

கேள்வி (முள்ளியவளை வாசகர்): தோட்டக் கிணற்றில் மூன்றடிக்கு மணல் ஏறிவிட்டது. ஆற்றில் தங்கம் எடுப்பவர்கள் மணல் உறிஞ்சும் கருவியைக் காணொளியில் பார்த்து, 3 அங்குலக் குழாயில் 12 மி.மீ. முனையை 45 பாகை சரிவில் பொருத்தி, 2 அங்குலப் பெற்றோல் பம்பால் தண்ணீர் அடித்தேன். கிணறு கலங்கியதே தவிர மேலே எதுவும் வரவில்லை. நீர்மட்டம் கட்டிலிருந்து 3 மீற்றர் கீழே. எங்கே பிழை?

பதில்: பம்பில் பிழையில்லை, அளவில்தான் பிழை. தங்கம் எடுக்கும் கருவி ஆற்றின் மேல் மிதக்கிறது. மணலை நீர்மட்டத்துக்கு மேல் அரை மீற்றர் தூக்கினாலே அதற்குப் போதும். அதனால் சிறிய ஜெற்றும் (முனையிலிருந்து பீறிட்டு, மணலையும் நீரையும் இழுத்துச் செல்லும் நீர்த்தாரை) அகன்ற குழாயும் அங்கே பொருந்தும். நீங்களோ 3 மீற்றர் தூக்க வேண்டும். உங்கள் முனையின் பரப்பு குழாயின் பரப்பில் 42இல் ஒரு பங்குதான். அந்த விகிதத்தில், அதுவும் 45 பாகைச் சரிவில், தண்ணீர் ஒரு மீற்றர்கூட ஏறாது. அடித்த தண்ணீர் உறிஞ்சும் வாயாலேயே திரும்பி வெளியேறியிருக்கும். கிணறு கலங்கியது அதனால்தான்.

இந்த வேலைக்கு முனையின் பரப்பு, அதற்கு எதிரே உள்ள குழாயின் பரப்பில் ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குலப் பம்ப் 20 மீற்றர் அழுத்தத்தில் (தண்ணீரை 20 மீற்றர் உயர்த்தும் அழுத்தம்) நிமிடத்துக்குச் சுமார் 300 லீற்றர் தரும். அதற்கு 18 மி.மீ. முனை சரி. முனைக்கு நேர் எதிரே தொண்டைக் குழாயாக ஒன்றரை அங்குல இரும்புக் குழாயை (உள்விட்டம் 41 மி.மீ.) 28 செ.மீ. நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். இதைவிடக் கட்டையாக வெட்டினால் ஜெற் நீரும் அது உறிஞ்சும் நீரும் கலக்க இடம் போதாது. தொண்டை முடிந்ததும் 35 செ.மீ. நீளத்தில் மெல்ல விரியும் கூம்பு, அதன் மேல் 3 அங்குல ஹோஸ். கூம்பைத் தவிர்த்து நேரடியாக 3 அங்குலத்துக்கு மாற்றினால் தூக்கும் வலுவில் நல்ல பங்கு சுழிப்பிலேயே போய்விடும். 2 அங்குல ஹோஸும் வேண்டாம், உராய்வே முழு வலுவையும் தின்றுவிடும்.

முனையை லேத்தில் கடையக் கொடுங்கள். 2 அங்குலத்திலிருந்து 8 செ.மீ. தூரத்தில் ஒடுங்கி, கடைசி 18 மி.மீ. நேராக ஓட வேண்டும். உடலுக்கு 3 அங்குல ரீ (மூன்று வாயுள்ள T வடிவ இணைப்பு). கீழ்வாயால் முனை மேல்நோக்கி நுழையும். பக்கவாயில் எல்போ போட்டு, உறிஞ்சும் குழாயை 30 செ.மீ. கீழே இறக்குங்கள். மேல்வாயில் ரெடியூசர் (விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு), அதன்பின் தொண்டை. முனை நுனிக்கும் தொண்டை வாய்க்கும் இடைவெளி 30 மி.மீ. தொண்டையின் நடுவுக்கு நேராக முனை நிற்பதுதான் இதில் உயிர்நிலை. சில மில்லிமீற்றர் விலகினாலும் ஜெற் ஒரு பக்கச் சுவரில் மோதும். உறிஞ்சும் வாயில் 8 மி.மீ. கம்பி வலை கட்டுங்கள்.

பம்ப் வாயில் அழுத்தமானி 1.7 பார் அளவில் நிற்க வேண்டும். கூடினால் முனையில் அடைப்பு, குறைந்தால் பம்ப் காற்று இழுக்கிறது. வாயை மணலுக்குள் புதைக்காதீர்கள், ஒரு சாண் மேலே பிடித்து அசையுங்கள். கலவை கனத்தால் ஓட்டம் நின்றுவிடும். நீர்மட்டம் 4 மீற்றருக்குக் கீழே போனால் தொண்டைக்கு ஒன்றேகால் அங்குலக் குழாய் போடலாம். தண்ணீர் ஏறும், ஆனால் மணல் குறைவாகவே வரும்.

பம்ப் அடிக்கும் தண்ணீரும் ஜெற் உறிஞ்சும் தண்ணீருமாகச் சேர்ந்து கிணற்றிலிருந்து நொடிக்குப் பத்து லீற்றர் வெளியேறும். பதினைந்தடி விட்டமுள்ள கிணறு ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மீற்றருக்கு மேல் இறங்கும். ஆகவே 2 மீற்றருக்கு 1.5 மீற்றரில் குழி வெட்டிப் படங்கு விரித்து, ஹோஸை அதற்குள் விட்டு, மணல் அடியில் படிந்தபின் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்புங்கள். பம்பின் புட்வால்வை (உறிஞ்சு குழாயின் நுனி வால்வு) நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே தொங்கவிடுங்கள், அடிக்குப் போனால் மணல் இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் சக்கரம்) அரித்துவிடும்.

பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கவே வேண்டாம். கரும்புகை தெரியாவிட்டாலும் அதன் நச்சுவாயு உள்ளே இறங்கும் ஆளைக் கொன்றுவிடும். கட்டின் அடியோரம் மணலை உறிஞ்சாமல் நடுவிலேயே எடுங்கள், மணல் பூமியில் அடி வெறுமையானால் கட்டு சரியும். போர்க்காலத்தில் கைவிடப்பட்டு இன்னும் முழுதாகத் துப்பரவாகாத கிணறு என்றால், மணலுக்குள் இரும்பு தட்டுப்பட்ட உடனேயே பம்பை நிறுத்தி, எதையும் தொடாமல் விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள்.