முதல் எச்.டி. டிவி: 32 அங்குலம் போதுமா, 43 வேண்டுமா?

கேள்வி: எங்கள் பழைய பெட்டி டிவி பழுதாகிவிட்டது. காம்பராவில் பாயிலிருந்து டிவிக்கு ஆறடி தூரம்தான். எச்.டி. ரெடி, ஃபுல் எச்.டி. என்கிறார்கள். எதை வாங்கலாம் அண்ணா?
– வாசகி, கொட்டகலை

பதில்: தங்கச்சி, உங்கள் காம்பராவுக்கு 32 அங்குலம் தாராளம். எச்.டி. என்றால் கூடுதல் தெளிவான படம்; திரையில் புள்ளிகள் கூடக் கூடத் தெளிவும் கூடும். எச்.டி. ரெடியில் 1366 x 768 புள்ளிகள், ஃபுல் எச்.டி.யில் 1920 x 1080. ஆறடி தள்ளி உட்கார்ந்தால் 32 அங்குலத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 43 அங்குலம்தான் வேண்டுமென்றால் ஃபுல் எச்.டி.யே எடுங்கள்.

அதைவிட முக்கியம் வயர். புது டிவி வாங்கிய பல வீடுகளில் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரையே குத்தியிருப்பதைப் பார்க்கிறேன். மஞ்சள் வயரில் எச்.டி. படம் வரவே வராது, காசுதான் வீண். டிஷ் பெட்டியும் எச்.டி. பெட்டியாக இருக்க வேண்டும், அதிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. வயர் (படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும் ஒற்றை வயர்) போக வேண்டும். சனலும் எச்.டி.யில் ஒளிபரப்பானால்தான் கிரிக்கெட் பந்து தெளிவாகத் தெரியும்.

அப்புறம் இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்தால் ரிமோட்டில் அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ் பெட்டியின் பின்னால் இருக்கும் டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வயர் வழியாகவும் வரும்; எச்.டி.எம்.ஐ. துவாரம் கருகிய டிவிகள் எங்கள் கடைக்குத் திருத்த வந்துகொண்டே இருக்கின்றன. ஈரம் கசியும் சுவரில் மாட்டாமல் மேசையில் வையுங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.