மங்கலான கேலக்ஸிகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மங்கலான கேலக்ஸிகளை எண்ணினாலே பிரபஞ்சம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடுமா சார்?

1930களில் வானியலாளர் எட்வின் ஹபிள் அப்படித்தான் நம்பினார். பிரபஞ்சம் அசையாமல் இருந்து, கேலக்ஸிகள் எங்கும் சமமாகப் பரவியிருந்தால், ஒளித்தரம் (வான்பொருளின் பிரகாசத்தைக் குறிக்கும் எண்; எண் கூடினால் மங்கல்) ஒரு படி மங்கும்போது எண்ணிக்கை ஏறக்குறைய 4 மடங்காக வேண்டும். அதற்கு எவ்வளவு குறைகிறதோ, அதை வைத்து வெளியின் வளைவைப் பிடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஒளி வந்துசேர நாளாவதால், தூரத்தில் தெரிவது இளவயதுக் கேலக்ஸி. எண்ணிக்கை மாறினால் அது வெளியின் வேலையா, வயதின் வேலையா? இந்தத் தலைவலி இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

கேள்வி: பிரபஞ்சம் விரியவே இல்லை, வழியில் ஒளி களைத்துப்போவதால்தான் செம்பெயர்ச்சி (தூரத்துக் கேலக்ஸிகளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது) என்கிறார் என் நண்பர். எப்படி மறுப்பது?

டோல்மன் சோதனையைச் சொல்லுங்கள். கேலக்ஸியின் மொத்த ஒளியை விட்டுவிட்டு, வானில் ஒரே அளவுள்ள துண்டிலிருந்து வரும் ஒளியை மட்டும் அளக்க வேண்டும். செம்பெயர்ச்சி 1 என்றால், அதாவது ஒளியின் அலைநீளம் இரட்டிப்பானால், விரியும் பிரபஞ்சத்தில் அது 16-இல் ஒரு பங்காகும். ஒளி களைத்தால் பாதிதான் ஆகும். அதாவது அந்த 2-இன் அடுக்கு 4 எதிர் 1. 2001-இல் வானியலாளர்கள் லூபினும் சாண்டேஜும் இரு நிறவடிகட்டிகளில் அளந்தபோது அந்த அடுக்கு 2.6, 3.4 என வந்தது. 4 இல்லையே என்று நண்பர் துள்ளுவார். இளவயதில் கேலக்ஸிகள் கூடுதலாகப் பிரகாசித்தன; அந்தக் கூடுதலைக் கழித்துப் பார்த்தால் 4-க்குப் பொருந்துகிறது. 1-க்குப் பக்கத்தில்கூட வராது.

கேள்வி: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வந்ததும் பெருவெடிப்புக் கொள்கை காலி என்றார்களே?

தலைப்பு போட்டவர்கள் சொன்னது. சீயர்ஸ்-93316 என்ற ஒரு புள்ளிக்கு, நிறவடிகட்டிகளை மட்டும் நம்பிச் செம்பெயர்ச்சி 16 (எண் கூடினால் தூரமும் கூடும்) என்று மதிப்பிட்டார்கள். ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து நிறமாலை எடுத்துப் பார்த்தால் 4.9! தூசும், பலமான உமிழ்கோடுகளும் (குறிப்பிட்ட அலைநீளங்களில் வாயு உமிழும் ஒளி) சேர்ந்து போட்ட வேஷம். அதற்காக எல்லாமே போலி இல்லை. பெருவெடிப்புக்குச் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்குள் இருந்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸி நிறமாலையிலும் உறுதியானது. எதிர்பார்த்ததைவிடப் பிரகாசம். என் கணிப்பில், அங்கே இடிப்பது விரிவுக் கொள்கையை அல்ல, நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாகப் பிறக்கும் என்று நாம் வைத்திருந்த கணக்கை.

கேள்வி: வீட்டுத் தொலைநோக்கியில் இவற்றைப் பார்க்க வழி உண்டா?

வாய்ப்பே இல்லை. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி ஒரே சிறு துண்டு வானத்தைப் பத்து நாள் பார்த்து, ஒளித்தரம் 30 அளவுக்குப் போனது. வெறும் கண்ணுக்கு எட்டும் கடைசி நட்சத்திரத்தைவிட ஏறக்குறைய 400 கோடி மடங்கு மங்கல். ஆண்ட்ரோமெடாவைப் பாருங்கள், தாராளமாகத் தெரியும்.